தெரியாத கைக்கு வைத்த புள்ளி

ஆபீஸில் அவனுக்குப் பெயர் புள்ளி. படத்தில் இருக்கும் ஆளின் தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் என்று மூட்டு மூட்டாகப் புள்ளி வைப்பதுதான் வேலை. அந்தப் புள்ளிகளைத் தின்றுதான் கம்ப்யூட்டர் மனுஷன் நிற்கிற நிலையைக் கணிக்கப் படிக்கும். போர்த்திக்கொண்டு தூங்குகிறவனைக் காட்டினாலும், எந்த முழங்கால் வலிக்கிறதென்று புள்ளி சொல்லிவிடுவான் என்பார்கள். சொன்னவர்களில் முக்கியமானவன் அவனே.

அப்படிப் புள்ளி தின்று படித்த நெட்வொர்க் தயாரானதும் முதல் காரியமாகத் தன் கல்யாணப் படத்தை அதற்குக் காட்டினான். கோட்டு உடம்போடு ஒட்டித் தைத்தாற்போல இருக்க, மாப்பிள்ளையாகப் புள்ளி. பக்கத்தில் அண்ணன். அண்ணனின் வலது கை மட்டும் புள்ளிக்குப் பின்னால் மறைந்திருந்தது. தம்பி தோளில் கை போட மனசில்லாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றான் என்று, படம் கைக்கு வந்த அன்றே அண்ணனோடு பேச்சை நிறுத்தியவன் புள்ளி. பிள்ளைகளுக்கு மீசை முளைத்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

நெட்வொர்க் கண் சிமிட்டுவதற்குள் மணிக்கட்டை அண்ணனின் பாக்கெட்டில் வைத்தது.

"பாத்தீங்களாக்கா? மிஷினே சொல்லுது."

மேற்பார்வை பார்க்கும் அக்கா டீயை ஊதினாள். "அது எங்க சொல்லுது? கை தெரியலைன்னா தெரியலைன்னு போடுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். நீதான் மறைஞ்ச கையையெல்லாம் பாக்கெட்டுல சொருகினே. சொல்லிக்குடுத்ததை உனக்கே ஒப்பிக்குது சாமி."

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டு மணியை அடித்தான்.

"வழி ஞாபகமிருக்கா?" என்றாள் அண்ணி, கதவைத் திறந்து.

அண்ணன் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். போன வருஷம் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. புள்ளிக்குச் சேதி வந்தது, புள்ளி வரவில்லை.

"அண்ணே, என் கல்யாணப் படத்துல உன் வலது கை எங்க இருந்துச்சு?"

வாய் குழறினாலும் அண்ணன் யோசிக்கவே இல்லை. "உன் முதுகுக்குப் பின்னாடி. வாடகைக் கோட்டு, உள்ள இன்னொரு மாப்பிள்ளை குடியிருக்கலாம். கொத்தாப் பிடிச்சு இழுத்து வெச்சிருந்தேன். போட்டோக்காரன் லேசுல விடல. கை கடுத்துப்போச்சுடா."

"சொல்லியிருக்கலாமே."

"நீ கேப்பேன்னு இருந்தேன்."

அண்ணனின் வலது கை மடியில் கிடந்தது. தோள், முழங்கை, மணிக்கட்டு, எதுவும் மறையவில்லை. புள்ளி நாற்காலியருகே முதுகு காட்டி உட்கார்ந்து, அந்தக் கையைத் தூக்கித் தன் சட்டையின் பின்னால் வைத்தான்.

"என்னடா பண்றே?"

"சட்டை தொளதொளன்னு இருக்குண்ணே."

விரல்கள் மூடவில்லை. கை நழுவி விழுந்தது. புள்ளி அதை மறுபடி எடுத்து வைத்தான்.