மூன்று முறை கிழித்த கடிதம்

1.
இந்தக் கதை இரண்டு பெண்களின் வாக்குவாதமாகத்தான் என் காதில் விழுந்தது. முகங்களைப் பிறகு ஒட்டவைத்தேன். நான் முதலில் எழுதிய தொடக்கம்: "1926. மலாயாவில், லாயாங் லாயாங் என்ற ஊரின் ரப்பர்க் காட்டின் மேல் பொற்கதிரவன்…" (வேண்டாம். கதிரவனுக்கு இங்கே வேலையில்லை.)

2.
யோகம், தோட்டத்தில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியார் கனகசுந்தரத்தின் மகள். ஏழாம் வகுப்பு. கடிதம் எழுதக் கற்றுத்தரும் புத்தகமொன்று கையிலிருந்ததால் தன்னை எழுத்தாளர் என்றே நினைத்திருந்தாள். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வெள்ளையம்மா அவளிடம் ஊரிலிருக்கும் அம்மாவுக்கு ஒரு கடிதம் கேட்டு வந்தாள். கங்காணி வீரமுத்து தோட்டத்துக்கு ஆள் சேர்க்க ஊருக்குக் கப்பலேறப் போகிறான். வெள்ளையம்மாவின் தங்கை கருப்பாயியையும் கூட்டிவருவானாம். அதைத் தடுக்கவேண்டும்.

யோகம் புத்தகத்தைப் பார்த்து எழுதினாள்: "இவ்விடம் யாவரும் சௌக்கியம்."

"என் ரெண்டு புள்ளையும் காய்ச்சல்ல செத்துருச்சுங்கம்மா. யாருக்குச் சௌக்கியம்?"

"கடிதம் எண்டால் அப்பிடித்தான் தொடங்கவேணும்."

"அப்படித் தொடங்குனா தங்கச்சி மூட்டை கட்டிருவாளே!"

கிழித்தாள்.

3.
இரண்டாம் பிரதியில் கண்ணீர் ஆறாக ஓடியது, நிலவு தேய்ந்தது, இரு மொட்டுகள் உதிர்ந்தன. [எழுதியவளே வாசித்து அழுதாள். மோசமான எழுத்துக்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.]

"மொட்டா? நா என்ன பூந்தோட்டமா வச்சிருந்தேன்?"

அதுவும் கிழிந்தது.

4.
மூன்றாவது: "பிள்ளைகள் இரண்டும் காய்ச்சலில் இறந்துவிட்டன. தங்கச்சியை அனுப்பாதே."

இங்கேயே நிறுத்தியிருப்பேன். மாணவி தேறிவிட்டாள், சுபம். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். யோகம்தான் ஒரு கேள்வி கேட்டுத் தொலைத்தாள்.

"ஊரிலை இதை ஆர் வாசிச்சுச் சொல்லுறது?"

"எங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது. கங்காணியோட அண்ணன் ஐயாசாமிதான் படிப்பாரு. தம்பிக்கு ஆள் சேத்துக் குடுக்கறதும் அவருதான்."

"அவன் உள்ளதை உள்ளபடி சொல்லுவானோ?"

யோகம் அதையும் கிழித்தாள். புத்தகத்தை மூடிவைத்தாள்.

5.
நான்காவது:

"படிக்கிற ஐயாசாமி அண்ணே, என் பிள்ளைகள் இரண்டும் போய்விட்டன. சின்னதுக்கு உங்கள் தம்பிதான் குழி வெட்டினார். எங்கம்மா எதிரேதான் இருப்பாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள்: கருப்பாயியை அனுப்ப வேண்டாம்."

முடிவு ஒன்று: அண்ணன் மனம் இளகி… (சர்க்கரைத் தண்ணீர்.)

முடிவு இரண்டு: கப்பலிலிருந்து கருப்பாயி இறங்கும்போது… (அழுகைக்கு ஆள் பிடிக்கும் வேலை. அது கங்காணியோடு போகட்டும்.)

என் முகத்தை ஏன் பார்க்கிறீர்கள்? இப்போது ஐயாசாமி நீங்கள்தான்; கடிதம் உங்கள் கையில். கங்காணி உங்கள் தம்பி. எதிரே கிழவி காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள்.

உரக்கப் படியுங்கள்.