அவள் எங்கே பார்க்கிறாள்?

கண் ஒரு போலீஸ்காரன் என்று முப்பது வருஷமாக எழுதிவந்தவர் அர்மான் தெலூர். பார்க்கிறவன் ஆள்கிறான், பார்க்கப்படுகிறவன் கைதியாகிறான். பிரான்ஸின் லியோன் நகரில் அவர் பேர் எடுத்ததே இந்தப் பேச்சால்தான். அப்படிப்பட்டவருக்கு நடுப்பார்வை போனது. சுவரும் மேஜையும் ஓரத்தில் தெரியும். நேரே இருக்கும் முகம் மட்டும் சாம்பல் கறை.

"முப்பது வருஷமா கண்ணைத் திட்டினே. அது கோச்சிக்கிட்டுப் போயிடுச்சு" என்றாள் மனைவி மரிவோன்.

அவர் சிரிக்கவில்லை. "யாருக்கும் தெரியக் கூடாது. பரிதாபப்பட்டுக் கை தட்டுவாங்க."

அன்றிலிருந்து அவள்தான் அவருக்குக் கண். காலையில் பேப்பர், மதியம் புத்தகம், தெருவில் எதிரே வருகிறவரின் பேரைக் காதோரம் முணுமுணுப்பது. தொலைவில் கேம்பேர் ஊரில் தன் தங்கை வீட்டுக்கு ஒரு வாரம் போய்வரட்டுமா என்றால், "அப்போ என் பக்கத்துல யாரு?" என்பார். கதவை யாரும் பூட்டவில்லை. ஆனாலும் அவள் தனியாக ரொட்டிக் கடையைத் தாண்டி மாதக்கணக்காயிற்று.

ஓர் அரங்கில் ஒரு ஓவியம் பற்றிப் பேச அவரைக் கூப்பிட்டார்கள். ஜன்னலோரம் ஒருத்தி துணி தைக்கும் படம். வீட்டில் அதன் அச்சுப் பிரதியைப் பார்த்து மரிவோன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அவ எங்கே பார்க்கிறா?" என்று கேட்டார் அர்மான்.

படத்தில் இருந்தவள் ஊசியைத்தான் பார்த்தாள்.

"நேரா நம்மளை" என்றாள் மரிவோன். சொன்ன பிறகு மூச்சு லேசானது. பேச்சுக்கு முன் மாற்றிச் சொல்ல நாள் இருந்தது, சொல்லவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. திரையில் படம். "இவ நம்மளையே பார்க்கிறா. நாமதான் இங்கே கைதி" என்றார் அர்மான்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "மன்னிக்கணும், அவங்க குனிஞ்சு தைச்சுக்கிட்டிருக்காங்களே."

மேடையோரம் உட்கார்ந்திருந்த மரிவோன் அர்மானைப் பார்த்தாள். முடிந்தது, எல்லாருக்கும் தெரியப்போகிறது. பயமாக இருந்தது. கூடவே, வெட்கமில்லாமல், ஒரு நிம்மதியும்.

அர்மான் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "குனிஞ்ச கண்ணுகிட்ட நீங்க மாட்டிக்கிட்டதே இல்லையா, மத்மசேல்?"

சிரிப்பு எழுந்தது. பிறகு எழுந்து நின்று கை தட்டினார்கள்.

வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தெரியாம சொன்னியா, வேணும்னேவா?"

"வேணும்னேதான். யாராவது கண்டுபிடிக்கட்டும்னு. உன்னை இல்லை, உன் பக்கத்துலயே மாட்டிக்கிட்ட என்னை."

அவர் அவள் கையை விடவில்லை. பிறகு, "ஜெனீவாவுல பேசக் கூப்பிட்டிருக்காங்க. ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்லிட்டேன்" என்றார். காலால் தரையைத் துழாவினார். "இங்கே படி இருக்கா?"

"இருக்கு. மூணு."

அவர் காலைத் தூக்கவில்லை. "நிஜமாவா?"

"நிஜம்தான், அர்மான்."

அவர் விரல்கள் அவள் கையை இன்னும் இறுக்கின. எதிரே டிராம் வந்து நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. இருவரும் அங்கேயே நின்றார்கள்.