அந்தரத்தில் நின்ற சுவர்

செங்கல் காலத்தில் ஒரு சுவர் எழும்ப நாள்கணக்காகும். அவள் சித்தாளாகக் கல் சுமந்து கொடுப்பாள், அண்ணன் கொத்தனாராக வரிசை வைப்பான். இப்போது சுவரைத் தொழிற்சாலையிலேயே, ஜன்னல் ஓட்டை உட்பட வார்த்து லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். கிரேன் அதைத் தூக்கி வந்து இறக்கும். தளத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் சுவரின் அடித்துளைகளில் போய் உட்காரும். சாய்வாக முட்டுக் கொடுத்து, துளைகளில் கிரவுட் ஊற்ற வேண்டும். இறுகினால் கல்லாகிவிடும் அந்தச் சிமெண்ட் குழம்பைக் கலக்குவதுதான் இப்போது அவள் வேலை. அண்ணன் கையில் கரண்டிக்குப் பதில் வாக்கிடாக்கி. கிரேனுக்குக் கீழிருந்து வழி சொல்பவன் அவன். கழுத்தில் தொங்கியதை வைத்து அவனுக்கு விசில் என்றே பெயராகிவிட்டது.

கிரேன் ஓட்டியவன் அவள் கணவன்.

செங்கல் வேலை குறைந்தபோது இருவரையும் இந்த சைட்டில் சேர்த்துவிட்டவன் அவன்தான். அதைச் சொல்லிக்காட்டாத நாள் இல்லை. அவளுக்கு வேலை இல்லாத நாளில் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியோடு போய்விடுவான். ஒருநாள் அடுப்புத் தீ திரைச்சீலையில் பற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை உடைத்துத்தான் அவளை வெளியே இழுத்தார். அப்படியே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அண்ணன் சேர்த்துக்கொண்டான். ஆனால் தங்கை பிழைத்ததைவிட மாப்பிள்ளையின் மூக்கு உடைந்ததுதான் அவனுக்கு இனித்தது. "என் வாசப்படிய மிதிச்சுப் பாக்கட்டும்" என்று எல்லோரும் சாப்பிடும் இடத்தில் உரக்கச் சொன்னான். வாக்கிடாக்கியில் மச்சான், மாப்ளே என்று ஓடிய பேச்சு அன்றோடு நின்றது. மேலே இருப்பவன் "கிரேன்", கீழே இருப்பவன் "கீழ". அவ்வளவுதான்.

மூலைச் சுவர் இறங்கிய அன்று நல்ல காற்று. சுவர் திரும்பாமல் இரண்டு ஆட்கள் இருபுறமும் கயிறு பிடித்திருந்தார்கள். கம்பிகளுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் வந்து சுவர் நின்றது.

"கிரேன், இறக்கு."

அசையவில்லை.

"இறக்குன்னு சொன்னேன்."

"உன் தங்கச்சிய இன்னைக்கே அனுப்பி வைக்கிறேன்னு சொல்லு. இறக்குறேன்."

சைட்டில் இருந்த எல்லா வாக்கிடாக்கியிலும் அது கேட்டது. பூச்சுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மற்றவர்கள் ஒதுங்கினாலும் கயிறு பிடித்தவர்களால் விட முடியவில்லை. விட்டால் காற்றில் சுவர் சுழன்று பக்கத்துச் சாரத்தை இடித்துவிடும். சாரத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

அண்ணன் வீம்பாகச் சுவருக்கு நேர் கீழே போய் நின்றான்.

"என் பொணம் விழுந்தாலும் அனுப்ப மாட்டேன். என்ன பண்ணுவ?"

"விழட்டும்."

இன்ஜினியர் ஓடி வந்து தன் வாக்கிடாக்கியில் கத்தினார். இருவரும் அவரைச் சட்டை செய்யவில்லை. கயிறு பிடித்த ஒருவனின் உள்ளங்கை உரிந்து ரத்தம் கசிந்தது. வாளியில் கிரவுட்டைக் கலக்கிக்கொண்டிருந்தவளுக்கும் எல்லாம் கேட்டது. லாரியில் வந்த சுவரைப் போலத்தான் தன்னையும் பேசுகிறார்கள். ஒருவன் அனுப்பு என்கிறான், இன்னொருவன் மாட்டேன் என்கிறான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க இருவருக்கும் தோன்றவில்லை.

கலக்கும் மெஷினை நிறுத்திவிட்டு அண்ணனிடம் போனாள்.

"அதக் குடு."

"நீ போ. ஆம்பளைங்க பேசிட்டிருக்கோம்."

அவள் அதைப் பிடுங்கினாள். அவன் சட்டையைப் பற்றி வெளியே இழுத்துக்கொண்டே பேசினாள்.

"நான்தான் பேசுறேன். நான் வரமாட்டேன். அண்ணன் அனுப்பாததால இல்ல. பூட்டுற வீட்டுக்கு நான் வரமாட்டேன். கயித்தப் பிடிச்சிட்டிருக்கிறவங்க உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணாங்க? இறக்குங்க."

மேலேயிருந்து குரல் வந்தது.

"வாயத் தொறந்து பேசுற அளவுக்கு ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. இறக்குங்க."

சுவர் இறங்கியது. கடைசியில் வேண்டுமென்றே தொப்பென்று விட்டான். ஒரு கம்பி மடங்கியது, ஓரம் பெயர்ந்தது. ஆனால் ஆட்கள் பாய்ந்து முட்டுக் கொடுத்துவிட்டார்கள். சாரத்தில் இருந்தவர்கள் இறங்கி வந்து தண்ணீர் குடித்தார்கள்.

காவலாளிகள் இருவர் அவள் கணவனைக் கீழே இறக்கிக் கூட்டிப்போனார்கள். அவளைக் கடக்கும்போது அவன் நின்றான். "உன்ன எவன் சேத்துக்கிறான்னு பாக்குறேன்."

அவள் வாளிக்குத் திரும்பினாள். கிரவுட் கல்லாகியிருந்தது. கவிழ்த்துத் தட்டினாள். வரவில்லை.

"நாலு பேர் முன்னாடி என் கையிலருந்து புடுங்குற" என்று பின்னால் வந்து நின்றான் அண்ணன். "நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"செத்திருப்ப."

"என் வீட்ல இருக்கணும்னா என் பேச்சக் கேட்டு இரு."

"சரி."

அடங்கிவிட்டாள் என்று அவன் நினைத்தான். சாயங்காலம் அவள் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. டைல்ஸ் ஒட்டும் பெண்கள் சேர்ந்து எடுத்திருந்த அறையில் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தது. அண்ணி வாசலில் நின்று, மறந்துபோன சீப்பை எடுத்துக் கொடுத்தாள். "போனா திரும்பி வராத" என்று உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது.

மறுநாள் கிரேனில் புது ஆள். மூலைச் சுவரைத் தூக்கி, கம்பியை நிமிர்த்தி, மறுபடி இறக்கினார்கள். அண்ணன் அவளுக்கு எட்டும் தூரத்தில்தான் நின்றான். முகத்தைத் திருப்பாமல், கயிறு பிடித்தவனிடம் சொன்னான்.

"கிரவுட் ரெடியான்னு அவளக் கேளு."

"ரெடியாகி ரொம்ப நேரமாச்சுன்னு சொல்லுங்க" என்றாள் அவளும், அந்தக் கயிற்றுக்காரனிடமே.