ஐந்து போதும்

மணி அடித்ததும் சப்ரீன் கடிவாள வாரை ஒரு பிடி குறுக்கினாள். குதிகால்களால் பிச்சியின் விலாவை அழுத்தினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரம் போகும் வழியில், மாந்தோப்பை அழித்துச் சமன் செய்த மைதானம். ஓரமெல்லாம் எழுத்து எழுதிய எண்ணெய் டின்கள். எந்த எழுத்தில் நடை, எதில் ட்ராட் என்கிற சீரோட்டம், எதில் வட்டம் என்று முன்பே தாளில் கொடுத்துவிடுவார்கள். மொத்தம் இருபது அசைவுகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று நடுவர் மதிப்பெண் போடுவார். இதற்கு டிரஸ்ஸாஜ் என்று பெயர். வேகம் இங்கே கணக்கில்லை. சொன்னதைக் குதிரை எவ்வளவு இணக்கமாகச் செய்கிறது என்பதுதான் கணக்கு.

பிச்சி பந்தயத்தில் தோற்றுக் கழிக்கப்பட்ட பெட்டைக் குதிரை. குட்டைக் கால், சாதாரண ஓட்டம். ஆனால் கடிகாரம்போல ஒரே சீராக அடி வைப்பாள். பட்டாசுச் சத்தம் கேட்டால் நடுங்கிய அவளை இந்த நிலைக்குக் கொண்டுவர சப்ரீனுக்கு இரண்டு வருடம் ஆனது. குதிரையேற்றப் பள்ளியின் முதலாளி சோலைராஜ் போன மாதம் வேலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"ஏம்மா, ஒன் குதிரை ரேசன் கடைக்கா போகுது? காலத் தூக்கவே யோசிக்கு."

"அது நடை அம்புட்டுத்தாண்ணே. ஆனா பிசகாது."

"இருநூறுக்கு நூத்தியிருவது வாங்கிட்டா நிக்கட்டும். இல்லன்னா ராஜபாளையத்துல கல்யாண ஊர்வலத்துக்குக் கேக்காவ, குடுத்துருவேன்."

ஊர்வலம் என்றால் செண்டை, வெடி. அந்தப் பயத்தில்தான் சப்ரீன் தவறினாள். வெளிநாட்டுக் குதிரைகள் காலை வீசிப் போகும் வீடியோக்களைப் பார்த்து, குதிகாலால் உந்தி, வாரால் இழுத்து, பிச்சியையும் அப்படி வீசவைக்கப் பார்த்தாள். முன்னால் இழுத்துப் பின்னால் தள்ளினால் குதிரையின் முதுகு பலகையாகிவிடும். கால் உயரும், தாளம் உடையும்.

உடைந்தது. மணி அடித்த பிறகு முதல் நான்கு அசைவுகளிலும் பிச்சி வாயைத் திறந்து தலையை உதறினாள். ஐந்தாவதில் சப்ரீனுக்குக் கை வலித்து வார் நழுவியது. மீண்டும் பிடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பிச்சி பெருமூச்சு விட்டு, தன் பழைய ஓட்டத்துக்கே வந்தாள்.

நடுவர் சமுத்திரம், போலீஸ் குதிரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், மதிப்பெண் தாளை நீட்டினார். முதல் நான்கும் நாலு, நாலு, நாலு, நாலு. பிறகு எல்லாம் ஆறும் ஏழும். மொத்தம் நூற்றுப் பதினேழு.

"ஆரம்பத்துல ஏம்மா அப்பிடிப் புடிச்சு இழுத்த?"

"பெருசா தெரியணும்னு, சார்."

"பெருசா யாரு கேட்டா? அது ஓட்டத்துக்கே நான் கொறஞ்சது அஞ்சு போட்டிருப்பேனே."

சப்ரீன் மனதில் கூட்டிப் பார்த்தாள். அந்த நான்கில் மூன்றுக்கு ஐந்து வந்திருந்தாலே போதும், நூற்றிருபது.

சோலைராஜ் கேலி பேசவில்லை. "ராஜபாளையத்து வண்டி வந்துருச்சும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சேணத்தைக் கழற்றிவிட்டு, தளர்ந்த கயிற்றில் சப்ரீனே பிச்சியை நடத்திப் போனாள். கயிறு தளர்ந்தால் நல்ல குதிரை கழுத்தை நீட்டித் தாழ்த்தும், முதுகு விரியும், பின்கால் தானாக நீண்டு வரும். பிச்சி கழுத்தைத் தாழ்த்தினாள். லாரிவரைக்கும் செம்மண்ணில், முன்குளம்பு பதிந்த தடத்தைத் தாண்டி நாலு விரற்கடை முன்னால், ஒவ்வொரு முறையும் பின்குளம்பு விழுந்தது.