தம்பிக்குப் பெண் கேட்கப் போனவன்

கிருபானந்தத்துக்குத் தொழில் இரண்டு. சித்தூர் ரயிலடியில் ஜட்கா ஓட்டுவது ஒன்று. தம்பிக்காக அடுத்தவரிடம் போய்க் கேட்பது இன்னொன்று. முதல் தொழில் அப்பன் விட்டுப்போனது. இரண்டாவது பதின்மூன்று வயதில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அப்பனும் அம்மாவும் ஒரே மாதத்தில் வாந்திபேதியில் போனபோது தம்பி பிரகாசத்துக்கு ஐந்து வயது. அவனுக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டது அண்ணன். ஹாஸ்டலில் சோறு கேட்டது அண்ணன். எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் தாலூக்கா ஆபீஸ் வாசலில் ஆறு மாதம் நின்று குமாஸ்தா வேலை கேட்டதும் அண்ணன்தான்.

தனக்கென்று அவன் எதையும் கேட்டதில்லை. அவனுக்காகப் போய்க் கேட்க வீட்டில் ஆளும் இல்லை. அவர்கள் போகிற கிறிஸ்தவ சபையில் இதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொண்டார்கள். பாதிதான் உண்மை. தம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புவதைப் பார்க்கும்போதெல்லாம் கிருபானந்தத்துக்கு வயிறு எரியும். எரிகிற வயிற்றோடேயே அந்தச் சட்டைக்கு இஸ்திரியும் போட்டுக்கொடுப்பான்.

அறுபத்தாறாம் வருஷம், மாங்காய்க் காலம் முடிந்த சமயம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த பிரகாசம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கிற வழியைக் காணோம்.

“துன்னுடா. இன்னா யோசிச்சிக்கினு கீற?”

“அண்ணா, புத்தலப்பட்டு உபதேசியார் பொண்ணு கீதே…”

“லோயிஸா?”

“நீதான் போய்க் கேக்கணும்.”

லோயிஸ் இரண்டு வருஷம் சித்தூரில் தங்கி டீச்சர் டிரெயினிங் படித்தவள். இப்போது புத்தலப்பட்டு மிஷன் பள்ளியில் டீச்சர். கோயில் பாடகர் குழுவில் அவளும் பிரகாசமும் சேர்ந்து பாடினார்கள், பாட்டோடு பாட்டாக மற்றதும் நடந்திருக்கிறது. பிரகாசத்துக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. லீவு விட்டால் அவளையும் அவள் தகரப்பெட்டியையும் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டது கிருபானந்தத்தின் ஜட்காதான். எட்டு தடவை. “மெதுவாப் போங்கண்ணா, குருத பாவம்” என்பாள். குதிரைக்காக இரக்கப்பட்ட சவாரி அவனுக்கு அதுவரை வாய்த்ததில்லை. முப்பத்து மூன்று வயதில், அண்ணா என்று கூப்பிடுகிற பெண்ணிடம் மனசை விட்டுவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் ரயிலடியில் உட்கார்ந்திருந்தான்.

“சரிடா, போறேன்” என்றான்.

மாப்பிள்ளை தன் வாயால் பெண் கேட்கிற வழக்கம் அந்தச் சபைகளில் இல்லை. வீட்டுப் பெரியவர் போகவேண்டும். கிருபானந்தம் சனிக்கிழமை விடியற்காலையில் குதிரையைப் பூட்டினான். புத்தலப்பட்டு பத்துப் பன்னிரண்டு மைல். வழியெல்லாம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனான். அதில் கள்ளம் எதுவும் இல்லை.

அந்த ஊர்ச் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் ஜீவரத்தினம் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அந்த வீட்டம்மாள் காபி கொண்டுவந்தாள்.

“ஐயா, எங்க வூட்டுக்கு லோயிஸக் கேக்கலாம்னு வந்தேன்” என்று கிருபானந்தம் ஆரம்பித்தான். அடுத்த வார்த்தை வருவதற்குள் உபதேசியார் எழுந்து வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“கேக்கறதுக்கு ஆளு இல்லாம நீயே வந்துட்டியேப்பா! தம்பிய வளத்து ஆளாக்கிட்ட. உனக்கு எப்பவோ நடந்திருக்க வேண்டியது. நீ கேட்டு நான் இல்லன்னு சொல்லுவனா?”

அண்ணன் கல்யாணமாகாமல் இருக்கும்போது தம்பிக்குப் பெண் கேட்டு யாராவது வருவார்கள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? ‘ஐயா, எனக்கில்ல, தம்பிக்கு’ என்று மூன்று சொல் சொன்னால் தீர்ந்தது. மூன்றும் தொண்டைவரை வந்திருந்தன. ஆனால் உனக்கு எப்பவோ நடந்திருக்க வேண்டியது என்று பிறந்ததிலிருந்து ஒரு மனிதர் அவனைப் பார்த்துச் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது. மூன்று சொல்லையும் காபியோடு சேர்த்து விழுங்கினான்.

வீட்டில் பிரகாசம் வாசலிலேயே நின்றான். “இன்னாண்ணா சொன்னாரு?”

“சரின்னுட்டாரு.”

தம்பி அவனைக் கட்டிக்கொண்டு குதித்தான். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று கிருபானந்தம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனும் முதல் பிடி சோறு போடும்போது அப்படித்தான் நினைப்பான். அங்கே புத்தலப்பட்டிலும் அதே கதை. “சித்தூர் ஜட்கா வூட்ல இருந்து கேட்டு வந்தாங்கம்மா” என்று அப்பா சொன்னதும் லோயிஸ் வெட்கப்பட்டுத் தலையாட்டினாள். எந்தப் பிள்ளைக்கு என்று அவள் கேட்கவில்லை.

அந்தச் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஊர்க் கோயிலிலும், மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் போதகர் உரக்கப் படித்துவிட்டு, தடை சொல்கிறவர்கள் இருந்தால் சொல்லலாம் என்பார். உபதேசியாரே பெயர்களை எழுதிச் சித்தூர் போதகருக்கு அனுப்பிவிட்டார். கிருபானந்தம் விரலைக்கூட அசைக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் ஞாயிறு. பிரகாசம் புதுச் சட்டையில் பாடகர் பெஞ்சில் இருந்தான். கிருபானந்தம் கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தான். “சித்தூர் சபையைச் சேர்ந்த கிருபானந்தத்துக்கும் புத்தலப்பட்டு சபையைச் சேர்ந்த லோயிஸுக்கும்” என்று போதகர் வாசித்தார். பிரகாசம் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டான். அடுத்த பாட்டை அவன் முழுசாகப் பாடியதைக் கிருபானந்தம் கேட்டான்.

வீட்டில் சண்டை வரும் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தான். உனக்கு எத்தனை கேட்டேன், எனக்கு ஒன்று கிடைத்தால் பொறுக்காதா என்று கத்தத் தயாராக இருந்தான். சண்டை வரவில்லை. மறுநாள் பிரகாசம் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, சுண்ணாம்பு வாங்கி வந்து சுவரடிக்க ஆரம்பித்தான்.

“இன்னாடா பண்ற?”

“பொண்ணு வர்ற ஊடு. இப்பிடியா வெச்சிருக்கறது?”

கன்னத்தில் ஒன்று அறைந்திருந்தால் தேவலை. சுவர் வெளுக்க வெளுக்கக் கிருபானந்தத்துக்கு எரிச்சல் ஏறியது. படிப்பு, உத்தியோகம், வெள்ளைச் சட்டை எல்லாம் அவனுக்கு. இப்போது விட்டுக்கொடுத்தவன் என்கிற நல்ல பெயரும் அவனுக்கா? திருட்டுப்பயல் பட்டம் மட்டும் எனக்கா? பெண்ணையும் எடுத்துக்கொண்டு தம்பி மேலேயே கோபப்பட்டான், அதுதான் வேடிக்கை. இரண்டாவது ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை.

புதன்கிழமை, புடவை நிறம் கேட்கிற சாக்கில் புத்தலப்பட்டு போனான். பள்ளி விட்டு வருகிற வழியில் லோயிஸ் ஜட்காவைப் பார்த்து நின்றாள். அண்ணா என்று கூப்பிட்டுப் பழகியவள் இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“ஒண்ணு கேக்கணும்” என்றாள்.

“கேளும்மா.”

“அவருதான் உங்கள அனுப்புனாரா? நீயே கட்டிக்கன்னு என்ன விட்டுக்குடுத்துட்டாரா? நைனா வாக்கு குடுத்துட்டாரு, அத நான் மீற மாட்டேன். ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். அவர மறந்துட்டு உங்க வூட்ல ஒழுங்காக் குடும்பம் பண்றேன்.”

ஒரே வார்த்தை. இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தே வேலை நடந்துவிட்டது. இப்போது வாயைத் திறந்து ஆமாம் என்றால், பெண்ணும் அவளுடைய ஒழுங்கான குடும்பமும் காலம் முழுக்க அவனுக்கு. சொல்லத்தான் நினைத்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. பதினெட்டு நாளில் தாலி கட்டப் போகிறவன் முன்னால் நிற்கிறான். அவனைப் பற்றி அவளுக்கு ஒரு கேள்வியும் இல்லை. கேட்டதெல்லாம் தம்பியைப் பற்றி. ஆமாம் என்று சொன்னாலும் அவள் அழப்போவது பிரகாசத்துக்காகத்தான்.

“ஞாயித்துக்கெழம தெரியும்மா” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். சித்தூர் வரைக்கும் குதிரையை அதட்டவே இல்லை.

மூன்றாவது ஞாயிறு. ஓலையை வாசித்து, தடை உண்டானால் சொல்லலாம் என்று வழக்கப்படி சொல்லிவிட்டு, போதகர் தாளை மடித்தார்.

“தடை கீதுங்க போதகரய்யா” என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “யாரது?”

“நான்தாங்க.”

“நீ மாப்பிள்ளையப்பா!”

பெண்கள் பக்கத்தில் சிரிப்புக் கிளம்பியது. கிருபானந்தம் தூணைப் பிடித்துக்கொண்டான். “தம்பிக்குக் கேக்கத்தான் போனேன். எனக்குன்னு உபதேசியார் ஐயா நெனச்சிக்கினாரு. இல்லன்னு சொல்லாம வந்துட்டேன். அவரு மேல தப்பு இல்ல, எம்மேலதான்” என்று ஒரே மூச்சில் சொன்னான். சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லி முடித்ததும் உள்ளுக்குள் ஒரு பெருமைகூட எட்டிப்பார்த்தது. இத்தனை பேர் முன்னால் யார் இப்படி ஒத்துக்கொள்வார்கள்? தம்பி ஓடிவந்து கட்டிக்கொள்வான் என்று எதிர்பார்த்தான்.

ஆராதனை முடிந்து ஜட்காவண்டை நின்றபோது பிரகாசம் வந்தான். கட்டிக்கொள்ளவில்லை.

“ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டியாடா நீ?” என்று கிருபானந்தம் முந்திக்கொண்டான். “சண்ட போட்டியா? செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிக்கினு கெடந்த!”

“கேட்டா நீ குடுத்துடுவண்ணா. எப்பவும் குடுத்துக்கினுதான் கீற. குடுத்துட்டு வயிறெரிஞ்சிக்கினு கீற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சட்டைக்கி இஸ்திரி போட்டுக் குடுக்கும்போது உன் மூஞ்ச நான் பாத்ததில்லியா? இது ஒண்ணாவது உங்கிட்ட கேக்காம இருப்போம்னு இருந்தேன்.”

கிருபானந்தம் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். “வண்டி ஏறு” என்றான். “இப்பவே போலாம். அவரு கால்ல வுழுந்தாவது சரியாக் கேட்டுடறேன்.”

“வேணாம்ணா. நீ கேட்டது போதும்.”

பிரகாசம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். புத்தலப்பட்டு போய், வழக்கத்தை மீறித் தனக்குத் தானே பெண் கேட்டான். உபதேசியார் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. லோயிஸ் சாப்பிடாமல் கிடந்து அவரை வழிக்குக் கொண்டுவந்தாள். அதற்குள் பிரகாசம் திருப்பதிக்கு மாற்றலும் வாங்கிக்கொண்டான்.

நிச்சயதார்த்தம் உபதேசியார் வீட்டில். பிரகாசம் முறையாக வந்து அண்ணனை அழைத்தான், வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தான். ஒரு குறை வைக்கவில்லை. போதகர் ஜெபம் பண்ணி முடித்ததும், மாப்பிள்ளை பக்கத்தில் ஒருவர் எழுந்து சபையறியப் பெண் கேட்கவேண்டும். எல்லோரும் கிருபானந்தத்தைப் பார்த்தார்கள். அவனும் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். பாதி எழுந்திருப்பான், அதற்குள் பிரகாசம் தன் பக்கத்தில் இருந்த சித்தூர் ஆபீஸ் ஹெட் கிளார்க் நாகபூஷணத்தின் முழங்கையைத் தொட்டான்.

நாகபூஷணம் தெலுங்குக்காரர், நெற்றியில் குங்குமம் வைத்தவர், இந்த வழக்கமெல்லாம் அறியாதவர். எழுந்து தொண்டையைக் கனைத்தார். “மா பிரகாசம் சால மஞ்சிவாடு, ரொம்ப நல்லவரு. ஒரு நாள் லேட்டா வந்தது இல்ல. வேலை பர்மனெண்டு. மீ அம்மாயிய இவருக்கு சாங்ஷன் பண்ணணும்” என்றார். வீடே சிரித்தது. உபதேசியாரும் சிரித்துவிட்டு, கொடுத்தேன் என்றார். லோயிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிருபானந்தம் உட்கார்ந்துகொண்டான். அவள் தம்பி பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்தான். அது அவன் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. தம்பிக்காகக் கேட்க இன்னொருத்தர் எழுந்து நின்றாரே, அதுதான் தாங்கவில்லை. இருபது வருஷமாக இந்தப் பாரம் எப்போது இறங்கும் என்று மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்தவன், இறங்கிவிட்ட தோளோடு கூட்டத்தில் ஒருவனாக உட்கார்ந்து, கொடுத்த கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டான்.