நனைக்கும் நாள்

சாவு வீட்டில் திருடுகிறவனை என்ன சொல்லித் திட்டுவது? தையல்காரருக்கும் தெரியவில்லை. அதனால் இரண்டு மாதமாகத் தன்னைத் திட்டிக்கொள்ளாமலே காலத்தை ஓட்டினார்.

எடுத்தது என்னவோ ஒரு கைப்பிடி நார்த்தூள்தான். ஈரத்தைப் பிழிந்து, பிளாஸ்டிக் பையில் கட்டியது. உள்ளே கடுகளவில் மீன் முட்டைகள். இந்தக் கில்லி மீன் இருக்கிறதே, அது ஒரு தினுசு. வறண்டு போகும் குட்டைகளில் பிறந்த இனம், ஒரு வருஷம் தாண்டாது. முட்டையைத் தண்ணீரில் விட்டால் அழுகிவிடும். நார்த்தூளில் பன்னிரண்டு வாரம் தூங்க வேண்டும். பிறகு தண்ணீரை ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் எழுந்து நீந்தும். அதனால் பை கட்டுகிறவர்கள் நனைக்கும் நாளை ஒரு காகிதத்தில் எழுதி மேலே சுற்றிவைப்பார்கள். அந்த நாளுக்கு முன்னால் கைவைக்கக் கூடாது. அவசரப்பட்டு நனைத்தால் குஞ்சு நீந்தாது. அடியில் தவழ்ந்து தவழ்ந்து, தீனி எட்டாமல் இரண்டு நாளில் செத்துப்போகும்.

பையைக் கட்டியவர் அடுத்த தெரு எலெக்ட்ரீஷியன். ஃபியூஸ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவரும் தையல்காரரும் இருபது வருஷச் சிநேகிதம். "நாங்க செத்துக் கிடந்தாக்கூட, தொட்டிக்குத் தண்ணி மாத்திட்டுத்தான் ரெண்டு பேரும் வருவாங்க" என்று இருவர் மனைவியரும் சொல்லிச் சிரிப்பார்கள். எல்லாம் பகிர்ந்துகொண்டார்கள், ஒன்றைத் தவிர. சிவப்பு வாலில் நீல விளிம்பு போட்ட ஒரு வகையை ஃபியூஸ் ஏழு வருஷமாக வடிகட்டி வடிகட்டி உருவாக்கியிருந்தார். ஒரு ஜோடி குடுடா என்று தையல்காரர் எத்தனை முறை கெஞ்சினாலும், "நான் செத்தா எடுத்துக்கோ போ" என்று சிரிப்பார். மோதிரம் போட்ட விரலால் தொட்டிக் கண்ணாடியைத் தட்டுவார். டக்... டக் டக். தீனி நேரம் என்று அர்த்தம். மீனெல்லாம் மேலே வந்து நிற்கும்.

மனுஷன் ஒரு காலையில் பல் தேய்க்கும்போதே போய்விட்டார். மாரடைப்பு. கூடத்தில் அழுகை, பின்னறையில் ஏர் பம்பு ஓடுகிறதா என்று பார்க்கப் போன தையல்காரர் அலமாரியில் அந்தப் பையைப் பார்த்தார். அந்தச் சிவப்பு வால் வகையில் பெரிய மீன்கள் முந்தைய மாதமே ஆயுள் முடிந்து போயிருந்தன. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரோடும் சேர்ந்து அழுதார். நிஜமாகத்தான் அழுதார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பதினோராம் நாள் ஃபியூஸின் மனைவி, வீட்டு முன்னறையில் இருந்த தையல் கடைக்கே வந்தாள்.

"தம்பி, அலமாரியில ஒரு பை இருந்துச்சு. காணோம். நீங்க ஏதாச்சும் எடுத்து வச்சிருக்கீங்களா?"

"நான் எங்க அண்ணி அந்தப் பக்கம் போனேன்? எலி இழுத்திருக்கும்."

"எலியா? சரி" என்றாள். அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள். தையல்காரருக்கு, தைத்துக்கொண்டிருந்த பொத்தான் காஜா கோணிக்கொண்டது.

நனைக்கும் நாள் அண்ணிக்குத் தெரியும். அன்றைக்கு வந்து நின்றால்? முன்கூட்டியே பொரித்து வளர்த்து, இது நானே கலப்பில் எடுத்த வகை என்று சாதித்துவிடலாம். இருபது வருஷம் மீன் வளர்த்த மனுஷன், தெரிந்தே அந்தத் தப்பைச் செய்தார். மூன்று வாரம் முன்னதாகவே, இரண்டு செங்கல் அகலமுள்ள சின்னக் கண்ணாடித் தொட்டியில் தூளைக் கொட்டி, நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டார்.

பொரிந்தன. நாற்பது குஞ்சுகள். ஒன்றுகூட நீந்தவில்லை. எல்லாம் அடியில் தவழ்ந்து ஒரே மூலையில் போய்ச் சேர்ந்தன. வெளிச்சத்துக்காக இருக்கும் என்று தொட்டியைத் திருப்பி வைத்தார். அரை மணி நேரத்தில் எதிர் மூலைக்குத் தவழ்ந்து வந்திருந்தன. மறுபடி திருப்பினார், மறுபடி வந்தன. எந்தப் பக்கம் என்று யோசித்துப் பார்த்தார். அடுத்த தெருப் பக்கம்.

மறுநாள் காலை தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது கேட்டது. டக்... டக் டக்.

"ஏய், யாரு கண்ணாடியைத் தட்டுறது?"

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்க மிஷின்தான். எண்ணெய் போடுங்கன்னு சொன்னா கேக்குறீங்களா?"

மிதியிலிருந்து காலை எடுத்தார். மிஷின் நின்றது. சத்தம் நிற்கவில்லை. உள்ளே ஓடிப் பார்த்தால், நாற்பது குஞ்சும் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தன. நெற்றி மட்டும் மேல் நோக்கி, உடம்பு தரையில்.

தினமும் ஏழு மணிக்குத் தட்டியது. தவழும் குஞ்சுகள் இரண்டு நாளில் சாக வேண்டும். இவை சாகவில்லை. தீனி தின்னவில்லை, முடி அளவுகூட வளரவில்லை, எண்ணிக்கையும் குறையவில்லை. தையல்காரர் பாதியாக இளைத்தார். ஒருவருடைய கால்சட்டைக்கு மூன்று கால் வெட்டிவிட்டு அதையும் தைக்கப் போனார். மனைவி பிடுங்கி வைத்தாள். தூக்கி வடிகாலில் கொட்டிவிடலாம் என்று ஒருநாள் தொட்டியைக் கையிலும் எடுத்தார். நாற்பது தலையும் அவர் பக்கம் திரும்பின. அப்படியே வைத்துவிட்டார்.

நனைக்கும் நாள் வந்தது. காலை ஆறரைக்கு வாசலில் அண்ணி.

"உள்ள வரலாமா தம்பி?"

வழிவிடுவதைத் தவிர வேறென்ன செய்வது? அவள் நேராகத் தொட்டியருகே போய் நின்றாள். பக்கத்தில் காலிப் பை கிடந்தது. ரப்பர் பேண்டில் சுருட்டிய காகிதம் அதில் அப்படியே இருந்தது.

"இதை முழுசாப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

தேதி வெளிச்சுற்றிலேயே தெரிந்ததால் அவர் பிரிக்கவில்லை. இப்போது பிரித்தார். உள்ளே ஃபியூஸின் கோணல் எழுத்து: 'ஊசிக்கு. இந்தத் தடவை அவனே நனைக்கட்டும். அவசரக்குடுக்கை, நாள் வரும்வரை கண்ணில் காட்டாதே.'

ஊசி என்று தையல்காரரைக் கூப்பிட்டவர் உலகத்தில் அந்த ஒருவர்தான். தனக்கென்று கட்டி வைத்ததைத்தான் திருடியிருக்கிறார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி, எலி இல்ல. நான்தான். நான் ஒரு நாய்."

"தெரியும் தம்பி."

"அன்னைக்கே தெரியுமா?"

"அன்னைக்குச் சந்தேகம்தான். மூணு வாரத்துக்கு முன்னாடி உறுதியாச்சு." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அவர் போன மறுநாள்லேர்ந்து காலையில ஏழு மணிக்குப் பின்னறையில தட்டுவாரு. காலித் தொட்டியைத்தான். நான் காபியை எடுத்துக்கிட்டுப் போய் உக்காந்துக்குவேன். அது போதும்னு இருந்துச்சு எனக்கு. மூணு வாரமா சத்தமில்ல. நீங்க நனைச்சிட்டீங்க, இங்க வந்துட்டாருன்னு புரிஞ்சுது."

தையல்காரர் காகிதத்தைப் பழையபடியே சுருட்டினார்.

"மீன் உங்களுக்குன்னுதான் எழுதியிருக்காரு. நீங்களே வச்சுக்குங்க" என்றாள் அவள். "அவரை மட்டும் வீட்டுக்கு அனுப்பி வைங்க."

அதை எப்படிச் செய்வது என்று யாருக்குத் தெரியும்? தையல்காரர் எழுந்தார். தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். தெருவில் பால் வாங்கப் போனவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். முன்னால் அவள், பின்னால் தண்ணீர் தளும்பாமல் குழந்தையைத் தூக்குகிறவர் மாதிரி அவர். தொட்டிக்குள் குஞ்சுகள் முன்பக்கக் கண்ணாடியில் முட்டிக்கொண்டே வந்தன.

பின்னறையில், பழைய இடத்தில், இறக்கி வைத்தார். விரல்கள் இன்னும் தொட்டிக்கு அடியில்தான் இருந்தன. அண்ணி, அங்கே மூடி வைத்துவிட்டுப் போயிருந்த காபி டம்ளரை எடுத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஃபியூஸின் மோதிரம் அவள் கையில் இல்லை, இருக்கவும் முடியாது. வீங்கிய விரலிலிருந்து கழற்ற வராமல் அவரோடேயே போய்விட்டது.

டக்... டக் டக்.

நாற்பது குஞ்சும் தரையை விட்டு எழுந்தன. நீந்தி மேலே வந்து, வரிசையாக நின்றன.

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தீனி போடுங்க தம்பி" என்றாள். "லேட்டானா அவருக்குப் பிடிக்காது."