கட்டைவிரலின் பொறுப்பு

"எந்த விரல் அண்ணி?"

"கட்டைவிரல்தான். மத்த விரலுக்கெல்லாம் அவ்வளவு சாமர்த்தியம் பத்தாது."

"சரி, இப்ப அமுக்குங்க."

மேசைக்கு அடியில் படுத்திருந்த கொழுந்தன், அண்ணியின் கால் கட்டைவிரல் தரையில் கிடந்த மவுஸின் பக்கவாட்டுப் பொத்தானில் இறங்குவதைப் பார்த்தான். எழுந்து, லினக்ஸில் ஓடும் கம்ப்யூட்டரின் திரையைப் பார்த்தான். அந்தப் பொத்தானின் எண் எட்டு என்று வந்திருந்தது. அதற்கு அடுத்த பொத்தான் ஒன்பது. எட்டை அமுக்கினால் ஒலிப்பதிவு நிற்கும், ஒன்பதை அமுக்கினால் ஐந்து நொடி பின்னால் போகும் என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதிவைத்தான்.

ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து தரும் வேலைக்கு அண்ணி விண்ணப்பித்திருந்தாள். இன்று பரீட்சை. ஆறு பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து பேசும் கூட்டத்தை எழுத்தாக்கி, மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டும். தேறினால் வீட்டிலிருந்தே வேலை. தினம் இரண்டு பஸ் மாறிப் போகும் இப்போதைய வேலைக்கு ஒரு பெரிய கும்பிடு. கைகள் தட்டச்சுக்கு, நிறுத்துவதும் திருப்புவதும் காலின் பொறுப்பு.

கொழுந்தன் அந்த மவுஸைத் தரையோடு மூன்று சுற்று டேப் போட்டு ஒட்டினான். திரையில் அம்பு அலையாதிருக்க அதன் வயிற்று விளக்கை முன்பே மூடியிருந்தான். தெரியாமல் மிதித்தாலும் க்ளிக் ஆகாதபடி, பக்கவாட்டுப் பொத்தான்களைத் தவிர மற்றவற்றைக் கம்ப்யூட்டரில் முடக்கினான்.

"மேல கைக்கு ஒரு மவுஸ், கீழ காலுக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே கம்பெனி. எதை க்ளிக் பண்ணக் கூடாதுன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?"

"பேர்தான் ஒண்ணு அண்ணி, கம்ப்யூட்டர் குடுக்கற நம்பர் வேற. மேல பத்து, கீழ பதினொண்ணு. எப்ப ஆன் பண்ணினாலும் பதினொண்ணு தானா வாயை மூடிக்கும்."

"நம்பர் மாறிடாதா?"

"நம்பர் எப்படி மாறும்?" என்று சிரித்துவிட்டு அவன் வேலைக்குக் கிளம்பிப் போனான்.

"காலால பரீட்சை எழுதற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்" என்றான் கணவன், வீட்டைக் கூட்டிக்கொண்டே. "பாஸானா உனக்கு மாலையா, காலுக்குக் கொலுசா?"

"மேசைக்கு அடியில மட்டும் கூட்டாதீங்க."

இரண்டே முக்காலுக்குக் கடைசி வரியைத் தட்டிச் சேமித்தாள். துடைப்பத்தின் அடிப்பாகம் மேசைக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் சுவிட்சில் இடித்தது. திரை இருண்டது.

"அடியில கூட்டலை. பக்கத்துலதான்" என்றான் கணவன்.

கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது. எழுதியது பத்திரமாக இருந்தது. ஆனால் கையிலிருந்த மவுஸ் அம்பை நகர்த்தியதே தவிர, க்ளிக் செய்ய மறுத்தது. தவறிப்போய்க் கால் பட்டதும் ஒரு கோப்பு திறந்தது. மவுஸ்களின் எண்கள், பத்தும் பதினொன்றும், இடம் மாறி உட்கார்ந்திருந்தன. கொழுந்தனின் போன் அணைந்திருந்தது. டேப்பை உரிக்கப் பார்த்தாள், நகம்தான் உடைந்தது.

கை காட்ட, கால் அமுக்கப் பரீட்சைப் பக்கத்தைத் திறந்துவிட்டாள். அங்கே கோப்பைப் பிடித்து இழுத்து ஒரு பெட்டிக்குள் போடச் சொன்னார்கள். கட்டைவிரல் அமுக்கிப் பிடித்தது, கை இழுத்தது. பாதி வழியில், காலையிலிருந்து உழைத்த விரலை நரம்பு பிடித்து இழுத்தது. கோப்பு பழைய இடத்துக்கே ஓடிப்போனது. மறுபடி இழுத்தாள். மறுபடி ஓடியது. அதற்குமேல் விரல் மடங்கவே இல்லை.

மணி இரண்டு ஐம்பத்தாறு. கணவன் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க கிளம்பறீங்க?"

"துடைப்பம் தேஞ்சுபோச்சு. புதுசு ஒண்ணு..."

"செருப்பைக் கழட்டிட்டு இப்படி வந்து உக்காருங்க." தரையில் ஒட்டியிருந்த மவுஸைக் காட்டினாள். "ஏங்க, உங்க கட்டைவிரலை ஒரு நிமிஷம் குடுங்களேன்."